கருவி செய்தவன் யார்?

இம்மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய யான் சங்க நூல் ஒன்றைப் பற்றியோ திருமுறையைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் எழுதப் புகுந்ததோ மின்கிற்றாரைப் பற்றி. அக்கருவியை யான் வாசித்தறியேன்; அதன் ஓசையை அண்மைக்காலம் வரை விரும்பியவனும் அல்லேன். ஆயினும் இப்பொருள் பற்றி எழுதவேண்டிய கடன் ஒன்று எனக்கு உண்டு. அது வந்த வகையை முதலிற் சொல்லிவிடுதலே முறை.

சென்ற ஆண்டு எம் கல்லூரிக் கைப்பணிக் கண்காட்சிக்கு நடுவராய் அமர்ந்த மூவருள் யானும் ஒருவன். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் மின்கிற்றார் ஒன்றைக் கொணர்ந்து வைத்திருந்தான். அதன் உடற்பலகை ஓரிடத்தில் வாங்கியது. கழுத்து, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அவன் சித்தப்பா பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. பிரடைகளும் குதிரையும் வேறொரு கடையிற் பெற்றவை. மின்னுறுப்புக்கள் அஞ்சலில் வந்தவை. இவற்றை ஒன்று சேர்த்ததே தன் வேலை என்று அவன் ஒளிவுமறைவின்றி ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தான். அந்த நேர்மையே அவனுக்கு வினையாயிற்று. "எல்லாம் விலைக்கு வாங்கியவை, இவன் செய்தது யாது?" என்றார் ஒரு நடுவர். மற்றவர் தலையசைத்தார். யானும் கையொப்பம் இட்டேன். முதற்பரிசு அழகியதொரு பனையோலைப் பெட்டிக்குப் போயிற்று. அப்பெட்டியை இழைத்த பிள்ளையும் பனையை வளர்த்தவன் அல்லன் என்பது அப்பொழுது எம் மூவருக்கும் தோன்றவில்லை.

மறுவாரம் அம்மாணவனை அழைத்து, தான் செய்ததை விளக்கும்படி கேட்டேன். ஆறுதல் சொல்லும் எண்ணத்துடனேயே கேட்டேன். தம்பி இரண்டு மணிநேரம் விளக்கினான். முடிவில் ஆறுதல் வேண்டியிருந்தது எனக்கே. அவனிடம் கேட்டவற்றையும் பின்னர் யானே தேடிப் படித்தவற்றையும் கொண்டு, எம் தீர்ப்புத் தவறானது என்று இங்கே வாதிடப் புகுகின்றேன்.

வீணையிலே குடம் ஒலியைப் பெருக்குகின்றது. மின்கிற்றாரின் உடலோ பெரும்பாலும் திண்ணிய மரப்பலகை; அதற்குள் ஒலியறை இல்லை. உருக்கு நரம்புகளின் கீழே காந்தத் துண்டுகளைச் சூழ, தலைமயிர் போன்ற மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுக்களாகச் சுற்றப்பட்டிருக்கும். இதனைப் பிக்கப் என்பர். நரம்பு அதிருங்கால் காந்தப்புலம் மாறுகின்றது. மாறவே சுருளில் ஒரு சிறு மின்னழுத்தம் தூண்டப்படுகின்றது. 1831இல் மைக்கேல் பரடே கண்ட விதியே இது. அச்சிறு மின்னழுத்தம் மாறுந்தடை, கொள்ளளவி ஆகியவற்றைக் கடந்து வெளியேயுள்ள பெருக்கியை அடைந்த பின்னரே நம் செவிக்குரிய ஒலியாகின்றது. ஆகவே இக்கருவியின் குரல் எந்த ஓர் உறுப்பிலும் தனித்து இருப்பதில்லை.

இதனை உறுப்பு உறுப்பாகக் கழற்றவும் பூட்டவும் கூடியதாக அமைத்தவருள் முதன்மையானவர் லியோ பென்டர். கலிபோர்னியாவிலுள்ள புல்லர்ட்டன் நகரில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்தவர் அவர். கிற்றார் வாசிக்கத் தெரியாதவர் என்பதை அறிந்தபொழுது எனக்கு அவர்மேல் ஒருவகை உறவு தோன்றிற்று. பழைய கிற்றார்களிலே கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டுதல் மரபு. பென்டரோ நான்கு திருகாணிகளால் முடுக்கினார். கழுத்துத் தேய்ந்தால் கழற்றி எறிந்து வேறொன்றைப் பூட்டலாம் என்பது அவர் கருத்து. வானொலி திருத்துவோனுக்குத் தோன்றக்கூடிய எண்ணமே அது. 1950இல் புரோட்காஸ்ரர் என வெளிவந்து 1951இல் ரெலிகாஸ்ரர் எனப் பெயர் மாறிய கருவியும், 1954இல் வந்த ஸ்ராற்றோகாஸ்ரரும் இவ்வகையின. திருத்துவதற்காக அவர் வைத்த நான்கு ஆணிகளே, பிற்காலத்தார் தாமே ஒரு கருவியைத் தொகுத்துக்கொள்ளும் வாயிலைத் திறந்துவிட்டன.

அவ்வாயிலிற் புகுந்தோருள் இருவரைச் சொல்வேன். ஆங்கில இசைஞர் எரிக் கிளப்ரன் 1970ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரக் கடையொன்றிற் பழைய ஸ்ராற்றோகாஸ்ரர்கள் ஆறு வாங்கினார். மூன்றை நண்பர் மூவருக்குக் கொடுத்தார். எஞ்சிய மூன்றையும் கழற்றி, அவற்றுள் நல்ல உறுப்புக்களைத் தெரிந்து ஒன்றாக்கினார். அதன் கருநிறம் பற்றி அதற்குப் 'பிளாக்கி' என்று பெயர். 1980களின் நடுப்பகுதி வரை அவர் கையிலிருந்த அக்கருவி 2004இல் நியூயோர்க்கில் ஏலத்துக்கு வந்து 9,59,500 டொலருக்கு விலைபோயிற்று. அதனை எவரும் "வாங்கிப் பூட்டியது" என்று ஒதுக்கவில்லை.

மற்றையவர் எடி வான் ஹேலன். இவர் செய்தது இன்னும் துணிவானது. 1970களின் நடுவிலே, குறைபாடுள்ளதென ஒதுக்கப்பட்ட உடற்பலகை ஒன்றை 50 டொலருக்கும் கழுத்தொன்றை 80 டொலருக்கும் வாங்கினார். பென்டர் வடிவான அவ்வுடலிலே, போட்டி நிறுவனமாகிய கிப்ஸனின் கிற்றாரிலிருந்து கழற்றிய பிக்கப்பைப் பதித்தார். இரண்டிலும் நரம்புகளின் இடைவெளி ஒன்றன்று. ஆகவே அதனைச் சாய்த்து வைத்தார். ஊளையிடாதிருக்க உருக்கிய மெழுகில் தோய்த்தார். ஒலியளவுத் திருகு ஒன்றே போதும் என மற்றவற்றை விட்டுவிட்டார். அவற்றை மீள இணைக்கும் வகை தமக்குத் தெரியாதிருந்ததே காரணம் என்று பின்னர் அவரே சொன்னதுண்டு. 1978இல் வெளிவந்த அவர் குழுவின் முதல் இசைத்தட்டைக் கேட்டோர் இக்குரலை முன்னர்க் கேட்டிருக்கவில்லை. 2019இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்திலே அது காட்சிக்கு வைக்கப்பட்டது. எம் கண்காட்சியில் வைத்திருந்தால் யாம் மூவரும் அதனைத் தள்ளியிருப்போம்.

இனி, பொருத்துதல் எளிதன்றோ என்பார்க்கு விடை கூறவேண்டும். எம் மாணவன் பட்ட பாட்டையே சான்றாகக் காட்டுவேன்.

பென்டர் முறையிலே நரம்பின் அதிரும் நீளம் 648 மில்லிமீற்றர். கிப்ஸன் முறையிலே ஏறக்குறைய 628. மெட்டுக்களின் இடமெல்லாம் இந்நீளத்தைக் கொண்டே கணிக்கப்படும். பன்னிரண்டாம் மெட்டு நீளத்தின் சரிபாதியில், அதாவது 648க்கு 324இல் நிற்கும். நம் வீணையிலே மெட்டுக்களை மெழுகின்மேல் வைத்து, வல்லவன் தன் செவியால் இடங்காண்பான். பிசகினால் மாற்றியும் வைக்கலாம். கிற்றாரின் மெட்டோ மரத்தில் இறுகிவிட்டது, மாற்றவியலாது. எனவே குதிரை நிற்கும் இடம் சிறிது விலகினாலும், திறந்த நரம்பு சுருதி சேர்ந்திருக்க, மேலே போகப் போகச் சுரம் பிசகும். கழுத்திலும் குற்றம் இல்லை, குதிரையிலும் குற்றம் இல்லை. கருவி மட்டும் பொய் பேசும். அவன் குதிரையின் சேணங்களை மயிரிழை மயிரிழையாய் நகர்த்தி, பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய ஒலியும் அவ்விடத்தே தொட்டெழுப்பிய ஒலியும் ஒன்றாகும்வரை ஒரு கிழமை மாலைதோறும் இருந்தானாம்.

அடுத்துவந்த இடர் இதனினும் நுட்பமானது. வெவ்வேறு செய்வோரிடம் வாங்கிய பிக்கப் இரண்டு. தனித்தனியே ஒலித்தால் இரண்டும் நன்று. இரண்டையும் ஒருங்கே ஒலித்தால் குரல் மெலிந்து, தகரத்தைத் தட்டியதுபோல் ஆயிற்று. கடைக்காரர் இருவருக்கும் எழுதினான். தம் பொருளிற் குறையில்லை என்று இருவரும் விடை எழுதினர். இருவரும் சொன்னது மெய்யே. ஒன்றின் மின்னலை ஏறுங்கால் மற்றதன் அலை இறங்கிற்று, ஒன்றையொன்று அழித்தன. சுருளொன்றின் இரு முனைகளையும் இடமாற்றிப் பற்றாசு வைத்ததும் குரல் நிறைந்தது. பின்னும் ஓர் இரைச்சல் விடாது நின்றது. நரம்பைக் கையால் தொட்டாலும் அது குறையவில்லை என்பதைக் கொண்டு, குதிரையினின்று மின்சுற்றின் புவித்தொடுப்புக்குச் செல்லவேண்டிய கம்பி இல்லை என்று கண்டுபிடித்தான். அது எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத உறுப்பு. இரண்டு சாண் கம்பி.

இதனைக் கேட்டபொழுதே எனக்கு வகுப்பறை நினைவு வந்தது. புணரியல் கற்பிக்கும் ஆசிரியன் யான். 'மரம்' பிழையற்ற சொல். 'வேர்' பிழையற்ற சொல். இரண்டையும் அடுத்து வைத்தால் இடையிலே மகரம் கெட்டு 'மரவேர்' ஆதல் வேண்டும். மாணாக்கர் பிழை விடுவது நிலைமொழியிலும் அன்று, வருமொழியிலும் அன்று. இரண்டும் சந்திக்கும் இடத்திலே. அவ்விடத்துக்கு மதிப்பெண் இட்டே இருபது ஆண்டாகச் சம்பளம் பெறுகின்றேன். ஒரு மரப்பலகையில் அதே வேலையைக் கண்டபொழுது "செய்தது யாது?" என்ற கேள்விக்குக் கையொப்பம் இட்டுவிட்டேன்.

முற்றும் தன் கையாற் செய்தலன்றோ மேல் என்று கேட்கலாம். மேல்தான், மறுக்கவில்லை. 1963இல் இங்கிலாந்திலே பிரையன் மே என்னும் பள்ளிச் சிறுவன், மின்னணுப் பொறியியலாளராகிய தந்தையாரோடு சேர்ந்து ஒரு மின்கிற்றார் செய்யத் தொடங்கினான். பழைய அடுப்படி மாடத்து மரம் கழுத்தாயிற்று. பழைய மோட்டார்ச் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்கள் நரம்பின் இழுவைக்கு ஈடுகொடுத்தன. ஏறக்குறைய ஈராண்டு உழைப்பு. அதனைக் கொண்டே அவர் குயீன் குழுவில் உலகறிய வாசித்தார். 2007இல் வானியற்பியலிற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஆயின் அவர்தம் கருவியிலும் பிக்கப்புக்கள் கடையில் வாங்கியவையே. தாம் முதலிற் செய்தவை மனநிறைவு தராமையால், பர்ன்ஸ் என்பாரின் பிக்கப்புக்களை வாங்கிப் பதித்துக்கொண்டார். எல்லையை எவ்விடத்திற் கோடிட்டு நிறுத்துவது என்பதே என் வினா. அவ்வெல்லை மரத்துக்கும் செம்புக்கும் இடையில் ஓடுகின்றதெனச் சொல்ல நடுவர் எவருக்கும் நியாயமில்லை.

இம்முறையிலே குறையும் உண்டு. தனித்தனி வாங்கிய உறுப்புக்களின் விலையைக் கூட்டினால், ஆயத்தமாய் விற்கும் கருவியின் விலையை அது பலவேளைகளில் மிஞ்சும். திரும்ப விற்கப் போனால் போட்ட பணம் பெரும்பாலும் வாராது. கிளப்ரனின் ஏலத்தை எண்ணி எவரும் இதில் இறங்கவேண்டா. வேறொரு கேடும் உண்டு: பொருத்துதலை விட்டு வாங்குதலிலேயே மனம் நின்றுவிடுதல். உறுப்புக்கள் மேசையறையில் நிறைந்திருக்கும், கருவி பிறவாது. புலம்பெயர்ந்த உறவினர் உடைய பிள்ளைகளுக்கு இஃது எளிதில் நேரும். உறவினர் இல்லாத பிள்ளைக்கு இம்முயற்சியே எட்டாது என்பதையும் மறக்கலாகாது. கல்லூரி ஆய்வுகூடத்திலே பற்றாசுக் கோல் இரண்டும் பழைய உறுப்புக்கள் சிலவும் இருக்குமாயின் அக்குறை ஓரளவு நீங்கும். பழைய மாணவர் சங்கத்தார் இதனைக் கருதுக.

மேனாட்டுக் கருவி நமக்கு எதற்கு என்று கேட்போருக்கு வயலினைக் காட்டி அமைவேன். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) கையாண்டதும் மின்மாண்டலினே.

யாழை அறிந்த நாம் உறுப்புக்களின் சேர்க்கையை இழிவாக எண்ணுவதே எனக்கு வியப்பாக உள்ளது. பொருநராற்றுப்படை பாலை யாழைப் பாடப் புகுந்து, பத்தல், போர்வை, ஆணி, மருப்பு, திவவு, நரம்பு என உறுப்பு உறுப்பாகவே அதனைக் காட்டுகின்றது. வழக்கொழிந்த அக்கருவியின் இயல்பை விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே ஆராய்ந்தபோது, கணக்கையும் இசையையும் ஒருங்கே கைக்கொண்டார். தமிழாசிரியனுக்கு நரம்பின் நீளத்தோடு என்ன வேலை என்று அவரை எவரும் கேட்டிருக்க மாட்டார்.

சென்ற ஆண்டுத் தீர்ப்பை மாற்றுதல் இயலாது. பதிவேட்டில் மூவர் கையொப்பமும் இருக்கின்றன. ஆயினும் வரும் கண்காட்சிக்கான விண்ணப்பத் தாளை வரையும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. 'முற்றும் தன் கையாற் செய்ததா?' என்னும் பழைய வினாவை நீக்கி, 'எவ்வுறுப்பு எங்கிருந்து பெறப்பட்டது? பொருத்துகையில் நேர்ந்த பிழை யாது? அது எவ்வாறு கண்டறியப்பட்டது?' என்னும் மூன்று வினாக்களைச் சேர்த்து அதிபர் அவர்களிடம் கொடுத்திருக்கின்றேன். அம்மாணவன் இவ்வாண்டு மூன்றாவது பிக்கப் ஒன்றைப் பதிக்கப்போகின்றானாம். அதற்கு உடற்பலகையைக் குடையவேண்டும், உளி உண்டா என்று நேற்று என்னிடம் வந்து கேட்டான்.