ஒன்பது பேருக்கு இரண்டு இரவு



பாடசாலை விடுமுறை கிட்டினால் ஜேர்மனியில் பிள்ளைகள் உள்ள எங்கள் வீடுகளில் ஒரு கதைதான். வகுப்பில் எல்லோரும் ஒய்றோப்பா பார்க் போய்விட்டார்களாம், நாங்கள் எப்போது போவது? றூஸ்ட் என்ற சின்ன ஊரில் 1975ம் ஆண்டு யூலை 12ந் திகதி திறந்த இந்தப் பூங்கா இன்று ஜேர்மனியிலேயே பெரியது. ஒரு நாளில் முழுதும் பார்த்து முடியாது. தூர இடத்திலிருந்து வருபவர்கள் இரவு தங்கத்தான் வேண்டும்.

பூங்காவுக்குச் சொந்தமான முதல் ஹொட்டேல் 1995ல் வந்தது. இப்போது பல உண்டு. அழகானவைதான். ஆனால் எங்கள் குடும்பம் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை என்று நிற்பதில்லை. அம்மம்மா வருவா, தம்பி குடும்பம் வரும், லண்டனில் இருந்து சித்தி வருவா. ஒன்பது பேருக்கு மூன்று அறை எடுத்தால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடும். ஆகவே வேறு வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி பெரியன்வோனுங். விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு. குசினி, குளியலறை, கதிரை, மேசை எல்லாம் இருக்கும். றூஸ்டில் மட்டும் தேடாதீர்கள். றிங்ஸ்ஹைம், ஹேர்போல்ட்ஸ்ஹைம், கென்சிங்கன், எற்றன்ஹைம், கப்பல்-கிறாபன்ஹவுசன் என்று சுற்றிவர ஊர்கள் இருக்கின்றன. கார் இல்லாதவர்கள் றிங்ஸ்ஹைம், ஹேர்போல்ட்ஸ்ஹைம், கென்சிங்கன் ஆகிய ஊர்களைப் பார்ப்பது நல்லது. மூன்றுக்கும் புகையிரத நிலையம் உண்டு. றிங்ஸ்ஹைமில் இறங்கினால் பூங்காவுக்கு பஸ் இருக்கிறது.

இங்கே ஒரு இரவுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. கணக்குக்காக இரண்டு வீட்டை வைத்துக்கொள்வோம். முதல் வீடு இரவுக்கு 130 யூரோ. ஆனால் அது ஆறு பேருக்கு. மேலதிகமாக வரும் ஒவ்வொருவருக்கும் இரவுக்கு 15 யூரோ. கடைசித் துப்புரவுக்கு 80. படுக்கை விரிப்புக்கு ஆளுக்கு 10. ஒன்பது பேர் இரண்டு இரவு தங்கினால் 520 யூரோ. இரண்டாவது வீடு இரவுக்கு 190, ஒன்பது பேருக்கும் சேர்த்து. விரிப்பு அதற்குள் அடக்கம், துப்புரவு 60. மொத்தம் 440 யூரோ. மலிவாகத் தெரிந்த வீடுதான் 80 யூரோ கூட. ஆகவே மொத்தத் தொகையை எழுத்தில் தரும்படி கேளுங்கள். முற்பணம் உண்டா, அதை எப்போது திருப்பித் தருவார்கள், எந்தத் திகதிவரை காசு இழக்காமல் நிறுத்தலாம் என்றும் கேளுங்கள்.

இரண்டாவது வழி யூகென்ட்ஹெர்பேர்க. பெயரைப் பார்த்து இளைஞர்களுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். றிச்சார்ட் ஷிர்மன் என்ற ஆசிரியர் 1909ல் மாணவர்களுக்காக நினைத்த திட்டம் இது. இன்று குடும்பங்களுக்கும் அறை கொடுக்கிறார்கள். அங்கத்துவ அட்டை வேண்டும். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே அட்டை போதும். காலைச் சாப்பாடும் விரிப்பும் விலைக்குள் அடங்கும். ஆனால் விடுமுறை நாட்களில் சீக்கிரம் நிரம்பிவிடும்.

இனி எங்கள் ஆட்களிடம் உள்ள ஒரு பழக்கம் பற்றிச் சொல்லவேண்டும். "ஆறு பேர் என்று சொல்லுவம், மற்ற மூன்று பேரும் பிறகு வரட்டும்" என்பார்கள். இது வேண்டாம். தீ விபத்து வந்தால் வீட்டில் எத்தனை பேர் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். கண்டுபிடித்தால் இரவோடிரவாக வெளியே போ என்று சொல்லவும் கூடும். அம்மம்மாவையும் கைக்குழந்தையையும் கொண்டு பத்து மணிக்கு எங்கே போவது? உள்ளபடி சொல்லி இடம் கேளுங்கள். பாய் விரித்துப் படுப்போம் என்றாலும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

தங்கும் இடத்தில் மெல்டஷைன் என்ற பத்திரம் தருவார்கள். 2025 ஜனவரி முதல் ஜேர்மன் பிரசைகளுக்கு இது தேவையில்லை. வெளிநாட்டவர் நிரப்பி அடையாளப் பத்திரம் காட்டவேண்டும். எங்களை மட்டும் சந்தேகப்படுகிறார்கள் என்று கோபிக்கவேண்டாம், சட்டம் அப்படி. கூட வரும் மனைவி பிள்ளைகளின் எண்ணிக்கையை எழுதினால் போதும்.

அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதவர்கள் இன்னும் கவனம். 2015 ஜனவரி முதல், பொதுவாக மூன்று மாதம் கழிந்தால் மாவட்ட எல்லைக் கட்டுப்பாடு நீங்கும். வரவேற்பு முகாமில் இருக்கவேண்டியவர்களுக்கு அது நீங்காது. அவர்கள் அனுமதி எடுத்தே போகவேண்டும். கப்பலில் இருந்து றைன் ஆற்றைக் கடந்து றினோ என்ற பிரெஞ்சு ஊருக்கு ஒரு பாதை ஓடுகிறது. காரைநகர் – ஊர்காவற்றுறைப் பாதையைப்போல அதற்கும் காசில்லை. அக்கரையில் அறை மலிவென்று யாராவது சொல்லலாம். கெஸ்ராற்றுங் அல்லது டுல்டுங் மட்டும் கையில் உள்ளவர்கள் ஏறவே வேண்டாம். அந்தப் பத்திரங்கள் எல்லை கடக்க உதவாது. சில யூரோவை மிச்சம் பிடிக்கப்போய் வழக்கைச் சிக்கலாக்கக் கூடாது.

வேறு சில குறிப்புகள். நுழைவுச் சீட்டு குறித்த திகதிக்கே செல்லும், ஆகவே சீட்டையும் வீட்டையும் ஒரே நாளுக்குப் பாருங்கள். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சீட்டு இல்லை. அதே மாநிலத்தில் இருப்பவர்கள் பாடன்-வூர்ட்டம்பேர்க் சீட்டில் ஐந்து பேர்வரை பிரதேசப் புகையிரதத்தில் வரலாம், வேலைநாட்களில் காலை 9 மணிக்குப் பிறகு. கறியை வீட்டிலேயே சமைத்துக் கொண்டுபோய், அங்கே சோறு மட்டும் போடுங்கள். செத்தல் மிளகாய் பொரித்தால் புகை அறிவிப்பான் கத்தும், அயல் முழுதும் எழும்பும். போகும்போது குசினியைத் துடைத்துவிட்டுப் போனால், அடுத்து வரும் தமிழ்க் குடும்பத்துக்கும் அந்தக் கதவு திறக்கும்.

இவ்வளவு கரைச்சல் ஏன், காலையில் போய் இரவு திரும்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கிட்ட இருப்பவர்கள் அப்படியே செய்யட்டும். ஆனால் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் மூன்று நாட்டில் இருக்கும் காலம் இது. பிள்ளைகள் மச்சான் மச்சாளைப் படத்தில்தான் பார்த்து வளர்கிறார்கள். ஊஞ்சலும் றயிலும் பூங்காவில் கிடைக்கும். இரவு ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் படுத்து, அம்மம்மா சொல்லும் ஊர்க்கதையைக் கேட்பது அங்கே விற்கப்படுவதில்லை. அதற்காகத்தான் ஹொட்டேல் அறைகளாகப் பிரியாமல் ஒரு வீடாக எடுங்கள் என்று சொல்கிறேன்.

அடுத்த இதழில் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன் பார்க்கவேண்டியவை பற்றி எழுதுவேன்.