கன்றின் தாய்மரத்தைக் கேளுங்கள்

வீட்டுத் தோட்டத்துக்குக் கன்று வாங்குபவர்கள் விலையையும் இலையின் பசுமையையும் மட்டுமே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது தாய்ச்செடியை. பீருக்கு மணம் தரும் ஹாப்ஸ் கொடியைக்கூட இன்று இணையத்தில் வாங்கிவிடலாம். குளிர்கால ஓய்வும் கோடையில் நீண்ட பகலும் கேட்கும் பயிர் அது. இமாச்சலத்தின் லாஹௌலில் விளைகிறது. நம் ஆலங்குடி வட்டாரத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. இங்கே கொடி தழைத்தாலும் பூவை நம்ப முடியாது. அதிலும் ஆண், பெண் கொடிகள் தனித்தனி. பயன் தருவது பெண் கொடிதான். நம் கோவைக்கொடியும் அப்படித்தான். காய்க்கும் கொடியிலிருந்து வெட்டிய தண்டை நட்டால் போதும், விதைக்கன்றில் அந்த உறுதி கிடையாது.

தாய் தெரியாத கன்றால் வரும் இழப்பு பலாவில் இன்னும் பெரிது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த வட்டாரத்தின் பலாவையும் தென்னையையும் சாய்த்தது. மறுபடி நடுகிறவர் விதைக்கன்றை வாங்கினால், சுளை இனிக்குமா என்று தெரியவே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒட்டுக்கன்று தாயின் குணத்தோடு சீக்கிரம் காய்க்கும். ஒட்டுக்கன்று விலை கூடுதல், விதைமரமே ஆழ வேரோடும் என்பார்கள். வேர் பற்றிய வாதத்தில் நியாயம் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது: விதையை நட்ட இடத்திலேயே வளர்த்து, நல்ல மரத்தின் குச்சியை அதில் ஒட்டலாம். விலையோ ஒருமுறைச் செலவு. ரகத்தின் பெயரையும் ஒட்டிய தேதியையும் பையில் எழுதித் தரும்படி நாற்றங்காலில் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்திலேயே வம்பன் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.