காயும் நாளையும் கணக்கில் சேருங்கள்

போன மாதம் கும்பகோணத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்கு வயது 26. பகலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறாள். இரவில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறாள். காலை 5 மணிக்கு எழுந்தால், படுக்கும்போது இரவு 1 மணி ஆகிவிடும். "தூக்கத்தை எல்லாம் வேலை கிடைச்ச பிறகு பார்த்துக்கலாம் சித்தி" என்று எப்போதும் சிரிப்பாள்.

இந்த முறை சிரிப்பு இல்லை. தேர்வில் மொத்தம் 200 கேள்விகள். 118-வது கேள்வியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டியவள், 119-க்கான விடையை 118-க்கான வட்டத்தில் நிரப்பிவிட்டாள். அடுத்தடுத்த விடைகளும் வரிசையாக ஒரு வட்டம் தள்ளியே போயிருக்கின்றன. கவனித்தபோது மிச்சம் இருந்தது 5 நிமிடம். கறுப்பு மை பேனாவில் நிரப்பியதை அழிக்கவா முடியும்?

"தெரியாம விட்டிருந்தா இவ்வளவு வலிக்காது சித்தி. எல்லாம் தெரிஞ்ச கேள்வி."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. "வா, சுவாமிமலைக்குப் போயிட்டு வரலாம்" என்று கூட்டிப்போனேன்.

சுவாமிநாத சுவாமி கோயிலில் மேலே போக 60 படிகள். தமிழ் வருடங்கள் அறுபதின் பெயரும் அவற்றுக்கு உண்டு. பாதிப் படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. 70 வயது பாட்டி ஒருவர் கைப்பிடியைப் பிடித்தபடி எங்களைத் தாண்டிப் போனார். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

தரிசனம் முடித்துத் திரும்பும்போது ஒரு சிலைப் பட்டறையில் நின்று வேடிக்கை பார்த்தோம். சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடு இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2023-ல் டெல்லி பாரத் மண்டபத்தில் ஜி20 மாநாட்டுக்காக நிறுவிய நடராஜர் சிலையும் இந்த ஊர் ஸ்தபதிகளின் கைவேலைதான். அந்தச் சிலையின் எடை சுமார் 18 டன்.

முதலில் தேன்மெழுகில் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசிக் காயவைக்கிறார்கள். காய்ந்ததும் அடுத்த பூச்சு. பிறகு சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். அது ஆறிய பிறகுதான் மண்ணை உடைப்பது, உளி வேலை எல்லாம்.

கொட்டகை நிழலில் மண் பூசிய அச்சுகள் வரிசையாகக் கிடந்தன. வெளியே நல்ல வெயில். "வெயில்ல வெச்சா சீக்கிரம் காயுமே ஐயா?" என்று கேட்டாள் பெண்.

"மேல் மண்ணு காஞ்சிடும்மா, உள்ள ஈரம் இருக்கும். வெடிப்பு விட்டுடும். ஈரத்தோட உலோகத்தை ஊத்தினா அந்த ஈரம் ஆவியாகி அச்சையே பிளந்துடும். அத்தனை நாள் பாடும் போச்சு."

"அப்ப இது காயற வரைக்கும் வேலை நிக்குமா?"

"நிக்கிறதா? காயறதும் வேலைதானேம்மா. அந்த நாளையும் சேர்த்துத்தான் நாங்க தேதியே சொல்லுவோம்."

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தபடி நின்றாள். வரலாறு, அறிவியல், கணிதம் என்று ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு பாடம் இருந்தது. காயும் நேரம் மட்டும் இல்லை.

1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம் எந்த அளவுக்குக் குறைகிறது தெரியுமா? ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருக்குக் குறையும் அளவுக்கு! நம் ஊரில் 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. 5 மணிக்கு எழுபவளுக்கு இரவு 10 மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. அவள் கஷ்டமான பாடங்களைக் கையில் எடுப்பதே அதற்குப் பிறகுதான். படித்தது மனதில் பதிவதற்கும் தூக்கம் வேண்டும். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் என்கிறார்கள் மருத்துவர்கள். இவள் தூங்கியது 4 மணி நேரம்.

மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். ஹீமோகுளோபின் 9. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. பாதிப் படியில் மூச்சு வாங்கியதன் காரணம் புரிந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. 'சோம்பேறி' என்று நாம் திட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் ரத்தம் குறைவோ!

அக்காவுக்கு முதலில் மனசே வரவில்லை. "10 மணிக்கே தூங்கினா எப்படிடி பாஸ் பண்ணுவா?" என்றாள். அட்டவணையை மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. ஆபீஸிலிருந்து வந்ததும் பாத்திரம், துணி மடிப்பு, மறுநாளுக்குக் காய் நறுக்குவது என்று தினமும் ஒன்றரை மணி நேரம் அவளுக்குப் போகிறது. காலேஜ் போகும் தம்பிக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது. "நீ ரெஸ்ட் எடு" என்று வாயால் சொல்லிவிடலாம். அச்சு தானாக நடந்து நிழலுக்குப் போகுமா? யாராவது தூக்கி வைக்க வேண்டும் அல்லவா?

இப்போது பாத்திரமும் துணியும் தம்பி பொறுப்பு. முதல் வாரம் முணுமுணுத்தானாம், பழகிவிட்டதாம். இரவு 10 மணிக்கு விளக்கை அணைப்பது அக்காவின் வேலை. ஞாயிறு மதியத்துக்கு மேல் புத்தகம் தொடுவதில்லை. டாக்டர் தந்த இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாள். முருங்கைக்கீரையும் அடிக்கடி சமைக்கிறார்கள்.

அடுத்த தேர்வில் தேறிவிடுவாளா? எனக்குத் தெரியாது. போட்டி கடுமையானது, தூங்கினால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. ஆனால் போன வாரம் போன் செய்தாள்.

"மாதிரித் தேர்வு எழுதினேன் சித்தி. 200 வட்டமும் அதது இடத்துல இருக்கு."

உங்கள் வீட்டிலும் பெரிய கனவோடு ஒருவர் ஓடிக்கொண்டிருப்பார். அது நீங்களாகவும் இருக்கலாம். இன்று இரவு அந்த அட்டவணையை எடுத்துப் பாருங்கள். காயும் நேரம் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால், முதலில் அதை எழுதிவிட்டு மற்றதை எழுதுங்கள்.