பிறர் ஏற்றும் சுமை

ஊராரின் எதிர்பார்ப்பு ஒரு வாலிபனுக்கு ஊன்றுகோலும் ஆகலாம், நுகத்தடியும் ஆகலாம். எதுவாக ஆகும் என்பது எதிர்பார்ப்போரின் நடத்தையைப் பொறுத்தது. இதை ஏரியூர்ப் பகுதி ஜனங்களுக்கு எடுத்துரைக்கத் தூரதேசத்துத் திருஷ்டாந்தம் வேண்டுவதில்லை. அவர்களுடைய பென்னாகரம் தாலுகாவைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியில் உயிர்நீத்த சுப்பிரமணிய சிவாவின் சரிதமே போதும்.

1908-ல் ராஜத்துவேஷக் குற்றஞ் சாட்டப்பட்டுச் சிறை புகுந்த சிவா, 1912-ல் தொழுநோயுடன் வெளிவந்தார். அதே ஆண்டு இறுதியில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் விடுதலையானார். அவர் கைதான நாளில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்தெழுந்தன. விடுதலையான நாளில் எதிர்கொண்டழைத்தவரோ மிகச் சிலர். அச்சிலருள் நோயுற்ற சிவாவும் ஒருவர். தலைவரிடம் எல்லாவற்றையும் எதிர்பார்த்த கூட்டம், தலைவர் தளர்ந்த வேளையில் எங்கே போயிற்று?

நோயைக் காரணங் காட்டிச் சிவாவை ரயிலில் ஏறலாகாதென்று சர்க்கார் தடுத்தது. அப்பொழுது அவர் ஓய்ந்திருந்தால் நியாயமுள்ள எவரும் குறை கூறியிரார். அவரோ நடந்தே ஊர் ஊராய்ச் சென்று பேசினார். கைதட்டுவோரை நம்பியன்று, தம் மனச்சாட்சியை நம்பியே உழைத்தார். பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்கு ஆலயம் எழுப்பத் துணிந்தார். 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அஸ்திவாரக் கல் நாட்டினார். 1925 ஜூலை 23-ல் சிவா காலமானபோது ஆலயம் நிறைவேறியிருக்கவில்லை. அது அவருடைய தோல்வியன்று. கல் சுமக்க வாராதவர்களின் தோல்வியே.

இன்று அதே சுமை பள்ளிப் பிள்ளைகளின் தோளில் ஏறியிருக்கிறது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போகும் பெற்றோர், தம் கஷ்டமெல்லாம் மகனின் ஒரு பரீட்சையில் தீருமென்று நம்புகின்றனர். அந்நம்பிக்கையைப் பழிப்பார் யார்? 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு வந்தது, நற்காரியமே. ஆயினும் வழி திறந்ததென்பதனால் அனைவரும் அவ்வழியே ஓட வேண்டுமென்று விதிப்பது கொடுமை. மதிப்பெண் குறைந்த பிள்ளை தெருவில் தலைகுனிந்து நடக்கும்படி செய்யும் ஊர், அவன் படிக்க ஒரு வாசகசாலையேனும் அமைத்துக் கொடுத்ததா?

தோள் கொடாதவனுக்குக் கணக்குக் கேட்க உரிமையில்லை. எதிர்பார்ப்போர் முதலில் புத்தகமும் அவகாசமும் கொடுக்கட்டும். “தவறினாலும் இவ்வீட்டில் உனக்கு இடமுண்டு” என்னும் ஒரு வார்த்தையும் கொடுக்கட்டும். வாலிபர்களும் ஊர் வாய்க்கு அஞ்சாது, தாம் மனமொப்பி ஏற்ற கடமைக்கே அஞ்சுவாராக. சிவாவின் மண்ணில் பிறந்தோருக்கு அதுவே அழகு.