வானொலி கைமாறியபோது நேயர்களைக் கேட்டது யார்?



உரிமை யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி நெய்வேலியில் வாழும் நமக்குப் புதிதல்ல. 2006இல் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் பங்குகளை விற்க மத்திய அரசு முனைந்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அம்முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. 2013இல் மறுபடியும் விற்பனைப் பேச்சு வந்தபோது தமிழக அரசு நிறுவனங்களே அப்பங்குகளை வாங்கின. ஆனால் நம் வீட்டு அலமாரியிலிருந்த வானொலி கைமாறியபோது யாரும் கொடி பிடிக்கவில்லை. மாறியதே பலருக்குத் தெரியாது.

1967இல் தொடங்கிய புதுச்சேரி வானொலி நிலையத்தை மத்திய அலையில் கேட்டு வளர்ந்தவர்கள் நம் பங்கில் நிறையப் பேர். உழவருக்கும் மீனவருக்கும் செய்தி, வானிலை, நேயர் விருப்பம் என எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து வந்தன. மத்திய அலை தரையையும் கடலையும் ஒட்டி வெகுதூரம் செல்லும். இரவில் இன்னும் தூரம் போகும். இலங்கை வானொலி நம் வீடுகளில் அவ்வளவு தெளிவாகக் கேட்டது அதனால்தான்.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அவை அரசின் தனியுரிமையும் அல்ல, பணமுள்ளவரின் தனியுரிமையும் அல்ல என்பதே அதன் சாரம். 1997இல் பிரசார் பாரதி உருவாயிற்று. நல்லது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் எஃப்.எம். அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன. பொதுச்சொத்து என்ற தீர்ப்புக்குப் பின் ஏலம் என்பது நமக்குச் சற்று விந்தையாகவே படுகிறது. தொலைக்காட்சியும் நாளிதழும் நடத்திய குழுமங்களே தமிழ் எஃப்.எம். நிலையங்களையும் நடத்தலாயின. பாட்டும் கலகலப்பும் கிடைத்தன; நாமும் ரசிக்கிறோம், மறுப்பதற்கில்லை. ஆனால் தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சொல்ல நெடுங்காலம் அனுமதி இல்லை. எஃப்.எம். அலையும் கோபுரத்தின் பார்வை எல்லைக்குள்தான் தெளிவாக விழும்.

இதன் பொருள் என்ன என்பதை 2011 டிசம்பர் 30 நினைவூட்டும். அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நாட்டுக்கே மின்சாரம் தரும் ஊரின் சுற்றுப்புறக் கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. தொலைக்காட்சி ஓடாது, கைபேசிக்கு மின்னேற்ற வழியில்லை. பேட்டரியில் ஓடும் பழைய பெட்டியின் அருமை அப்போது தெரிந்தது. 2015 வெள்ளத்தின்போது கடலூரில் பேரிடர் கால வானொலி என்ற ஒன்றைத் தற்காலிகமாக அமைக்க வேண்டியிருந்தது. நம் மாவட்டத்துக்கென்று ஒரு குரல் கிடைக்க வெள்ளம் வர வேண்டியிருந்தது!

அரசையும் வணிகர்களையும் மட்டும் குறை கூறி நாம் ஒதுங்க முடியாது. 1969இல் மணிலாவில் தொடங்கிய வேரித்தாஸ் வானொலி, ஆசியத் திருச்சபையின் குரல். அதன் தமிழ்ப்பணி சிற்றலையில் வந்தபோது கடிதம் எழுதியவர்களும் நேயர் மன்றம் நடத்தியவர்களும் எத்தனை பேர்! 2018 ஜூன் 30உடன் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. எல்லாம் இணையத்துக்குப் போயின. செலவு, இளையோரின் பழக்கம் எனக் காரணங்கள் நியாயமானவையே. ஆனாலும் பழைய பெட்டியைத் திருகிக்கொண்டிருந்த பாட்டிக்கு அன்றோடு திருச்சபையின் குரல் நின்றுபோனது.

திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படாமல் போகிறார்கள். யாரும் வேண்டுமென்றே செய்ததல்ல. கூட்டம் பெருகியபோது சிலர் விடுபட்டார்கள். திருத்தூதர்கள் அதை வருத்தத்தோடு விட்டுவிடவில்லை, ஏழு பேரை நியமித்தார்கள்.

பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை சமுதாய வானொலி மீனவருக்காகவே பேசுகிறது. அப்படியொன்றை உடனே தொடங்குங்கள் என்று நாம் கேட்கவில்லை. அடுத்த அன்பியக் கூட்டத்தில் இளையோர் பத்து நிமிடம் ஒதுக்கி, பெரியவர்களின் கைபேசியில் வேரித்தாஸ் தமிழ்ப்பணியைத் திறந்து காட்டட்டும். அத்தகைய கைபேசி இல்லாத வீடுகளின் பட்டியலைப் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் அந்த வீடுகளுக்குப் பேட்டரி வானொலி ஒன்று போய்ச் சேர வேண்டும்.