ரஸாவின் காஷ்மீர் ஆண்டு



பெருநாள் கழிந்த மறுநாள், ஆம்பூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் மேல்விஷாரத்திலிருந்தும் வேன் பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாய் அமிர்திக்குப் புறப்படுவோர் நம்மில் பலர். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அவ்வூர். 1967ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற உயிரியல் பூங்காவில் பிள்ளைகள் மான்களையும் முதலைகளையும் கண்டு களிக்க, பெரியவர்கள் மரநிழலில் பிரியாணித் தேக்சாவைத் திறப்பார்கள். மழை பெய்து ஓய்ந்த மாதங்களில் அருவியும் கொட்டும். அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மட்டும், பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் அருவியை வரைந்துகொண்டு ஒதுங்கி அமர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனிடம் நாம் என்ன சொல்வோம்? "இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்?" என்றுதான் பெரும்பாலும் கேட்போம். சிலர் மார்க்கத்தையும் துணைக்கு அழைப்பார்கள்.

மார்க்கம் பேசப்படுவதால் ஒரு செய்தியை இவ்விடத்தில் நினைவூட்டுவது முறை. உருவங்கள் தீட்டிப் பிழைப்பு நடத்திய ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றி வினவினார். நபி பெருமானார் (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை அவர் எடுத்துரைக்கக் கேட்டதும், வந்தவரின் முகம் வெளிறிப் போயிற்று. அதனைக் கண்ட இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் தீட்டிக்கொள்ளுமாறு அவருக்கு வழி கூறினார்கள். இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. உருவப்படம் குறித்து ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை இங்கே விவரிப்பது என் நோக்கமன்று. மலையையும் மரத்தையும் அருவியையும் வரையும் கையை மார்க்கத்தின் பெயரால் தடுக்க இடமில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

பயணம் செய்து படம் வரைவது நம் பகுதிக்குப் புதிய காட்சியும் அன்று. 1792ஆம் ஆண்டில் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கிலேயர் இருவர், சிற்றப்பனும் அண்ணன் மகனுமாகச் சென்னையிலிருந்து புறப்பட்டுப் பாராமகால் மலைக்கோட்டைகளையெல்லாம் வரைந்துகொண்டே குமரிமுனை வரை சென்று மீண்டனர். இராயக்கோட்டைப் பாறையை அவர்கள் தீட்டிய படம் இன்றும் இருக்கிறது. ஆயினும் இன்று நான் சொல்ல வந்தது அவர்கள் கதையன்று. நம்மவர் ஒருவரின் வாழ்வில் வந்த ஓராண்டின் கதை.

சையத் ஹைதர் ரஸா 1922ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்தில் பிறந்தார். தந்தையார் வனத்துறையில் ரேஞ்சருக்கு அடுத்த நிலை அலுவலர். ஆகவே காட்டின் நடுவில், நர்மதை நதியின் அருகில் வளர்ந்த பிள்ளை. இரவில் காடு எத்தனை கருமையாய் இருக்கும், விடிந்ததும் அச்சம் எப்படி விலகும் என்பதை ஜவ்வாது மலைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் மனம் நிலைகொள்ளாமல் அலைந்த அந்தச் சிறுவனுக்கு, நந்தலால் ஜாரியா என்ற ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியை இட்டு, அதையே உற்று நோக்கும்படிச் சொன்னார். அடித்துத் திருத்தியிருக்கலாம், அக்கால வழக்கம் அதுதான். புள்ளியொன்றைக் காட்டிய ஆசிரியரை அம்மாணவர் தம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

நாகபுரி ஓவியப் பள்ளியில் 1939 முதல் 1943 வரை பயின்று, பின்னர் பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் 1947 வரை கற்றார். பகலெல்லாம் அச்சுக்கட்டை செய்யும் நிறுவனமொன்றில் வடிவமைப்பாளர் வேலை. எஞ்சிய நேரத்தில் பம்பாயின் மழை நனைந்த தெருக்களை நீர்வண்ணத்தில் தீட்டினார். 1946இல் முதல் தனிக் கண்காட்சி நடைபெற்றது. 1947இல் சூஸா, ஆரா, ஹுசைன், காடே, பாக்ரே ஆகியோருடன் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவை அமைத்தார். இதுவரை எல்லாம் ஏறுமுகம்.

அதே 1947இல் அன்னையை இழந்தார். நாடு இரண்டாயிற்று. உடன்பிறந்தோரில் பெரும்பாலோர் எல்லை கடந்து சென்றனர். 1948இல் தந்தையாரும் மறைந்தார். அந்நாளில் எத்தனை முஸ்லிம் இல்லங்களில் போவதா இருப்பதா என்ற கேள்வி இரவெல்லாம் உறங்காமல் கிடந்தது என்பதை நம் பாட்டனார் சொல்லக் கேட்டவர்கள் அறிவார்கள். ரஸா இங்கேயே இருப்பது என்று உறுதி பூண்டார். அந்த ஆண்டிலேயே வண்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் சென்ற இடம் காஷ்மீர்!

காஷ்மீர் அப்போது உல்லாசப் பயணம் போகும் நிலையில் இல்லை. 1947 அக்டோபரில் மூண்ட போர் 1949 ஜனவரி முதல் நாளன்றுதான் நின்றது. ரஸா அங்கே ஏரியையும் வீடுகளையும் தீட்டினார். சிதைந்து கிடந்த பாரமுல்லாவையும் தீட்டினார். ஸ்ரீநகரில் 1948இல் கண்காட்சியும் வைத்தார். அதைக் காண வந்தவர்களில் ஒருவர், ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர். ஹரி பர்பத் மலைச்சரிவில் அதிகாலையில் கையேந்தி நிற்கும் முஸ்லிம் பெண்களை அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது; அதுவும் அந்த 1948இல் எடுக்கப்பட்டதே.

வந்தவர் படங்களைச் சுற்றிப் பார்த்தார். திறமை இருக்கிறது, ஆனால் படங்களில் கட்டுமானம் இல்லை என்றார். செஸானின் ஓவியங்களைக் கற்றுப் பார்க்குமாறும் சொன்னார்.

வாசகர்களே, இச்சொல்லின் கனத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். எட்டாண்டுகள் முறையாகக் கற்றவர், பாராட்டும் பெற்றவர், குடும்பத்தையே இழந்து நிற்கும் வேளை. அப்போது அந்நியர் ஒருவர் வந்து, நீ கட்டியதில் சுவரே இல்லை என்கிறார்.

கட்டுமானம் என்றால் என்ன? நம் ஊர்த் தொழிலைக்கொண்டே சொல்லலாம். ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் நிற்கும் கைதேர்ந்த தொழிலாளி, தோலின் பளபளப்பில் மயங்குவதில்லை. முதுகுப் பக்கம் கெட்டியாக நிற்கும், வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும் என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். எந்தத் துண்டு முன்பக்கத்திற்கு, எது உள்ளே மறையும் பகுதிக்கு என்று முடிவு செய்த பின்னரே கத்தி வைப்பார். ஓவியமும் அவ்வாறே. அமிர்தி அருவியை வரைகிறவர் நீருக்கு வெண்மையும் இலைக்குப் பச்சையும் பூசிவிட்டால் பார்க்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாறை எதன்மேல் அமர்ந்திருக்கிறது? எந்தப் பக்கம் ஒளியை வாங்கி எந்தப் பக்கம் திருப்புகிறது? அடியிலுள்ள கல்லை எடுத்தால் மேற்கல் விழும் என்ற உணர்வு படத்தில் உண்டா? பிரான்சின் தென்பகுதியில் வாழ்ந்து 1906இல் மறைந்த செஸான், தம் ஊரருகேயிருந்த சாந்த் விக்துவார் என்ற ஒரே மலையை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பத் தீட்டி இந்தக் கேள்விகளுக்கே விடை தேடியவர்.

ரஸா வாதாடவில்லை. பம்பாய்க்குத் திரும்பிப் பிரெஞ்சு மொழி கற்கத் தொடங்கினார்! மூலப் படங்களைப் பார்க்க வேண்டுமானால் பிரான்சுக்குப் போக வேண்டும். போவதற்கு அந்நாட்டு அரசின் உதவித்தொகை வேண்டும். அதற்கு மொழி வேண்டும். இரண்டு ஆண்டுகளில் அதையும் பெற்றார். 1950 அக்டோபரில் பாரிஸ் சேர்ந்து, அங்குள்ள கலைப்பள்ளியில் 1953 வரை மீண்டும் மாணவராய் அமர்ந்தார். 28 வயதில் அடிப்படைப் பாடம்!

1951இல் அவர் தீட்டிய தென்பிரான்சின் மலைக்கிராமக் காட்சியைப் பார்த்தால் மாற்றம் விளங்கும். வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கல் அடுக்கியதுபோல் நிற்கின்றன. மனித உருவமே இல்லை. 1956இல் பாரிஸின் திறனாய்வாளர் பரிசு அவருக்குக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவர் அதைப் பெறுவது அதுவே முதல் முறை.

பின்னாளைய வெற்றிகளை நீங்கள் செய்தித்தாளிலேயே கண்டிருப்பீர்கள். 'சௌராஷ்டிரா' என்ற அவரது படம் 2010இல் இலண்டனில் 16 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போயிற்று. இத்தகைய தொகை வந்தால்தான் நம் பத்திரிகைகளுக்கு ஓவியர் என்றொருவர் இருப்பதே நினைவுக்கு வருகிறது! எனக்கு அதைவிட வியப்பளிப்பது அந்தப் புள்ளிதான். புகழின் உச்சியில் இருந்தபோது, பாரிஸில் கற்றதெல்லாம் சரி, இதில் என் மண் எங்கே என்று தம்மையே கேட்டுக்கொண்டார். இராஜஸ்தானத்திற்கும் குஜராத்திற்கும் மண்ட்லா காடுகளுக்கும் வந்து அலைந்தார். அதன் விளைவாய் அவர் திரையின் நடுவில் தோன்றியது, ஆசிரியர் சுவரில் இட்ட அதே கரும்புள்ளி. 'பிந்து' என்று அதற்குப் பெயரிட்டு, இந்தியத் தத்துவ மரபுகளிலிருந்து பொருளும் எடுத்துக்கொண்டார். அதில் நம்மவர் சிலருக்கு உடன்பாடு இராமற்போகலாம். வட்டமும் முக்கோணமும் சதுரமுமாக அவர் அடுக்கிய ஒழுங்கைக் காணும்போது, நம் பள்ளிவாசல்களின் கோலவேலைப்பாடு எனக்கு நினைவுக்கு வருவதும் உண்மை.

இளம் கலைஞர்களுக்கு உதவவென 2001இல் ரஸா அறக்கட்டளையை நிறுவினார். அறுபது ஆண்டுகள் பிரான்சில் வாழ்ந்தவர், 2010இன் இறுதியில் தில்லிக்கே திரும்பினார். முதுமையிலும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 2016 ஜூலை 23ஆம் நாள் மறைந்தபோது, அவர் விருப்பப்படியே உடலை மண்ட்லாவுக்குக் கொண்டு சென்று, தந்தையாரின் கபுருக்கு அருகில் நல்லடக்கம் செய்தனர்.