மேல் அம்பு, கீழ் அம்பு

பிளஸ் ஒன் படிக்கும் பேத்தி போன வாரம் வேதியியல் விடைத்தாளோடு வந்தாள். ஹைட்ரஜனின் ஒற்றை எலக்ட்ரானைக் கட்டத்துக்குள் கீழ்நோக்கிய அம்பாகப் போட்டிருக்கிறாள். சிவப்பு மையால் அடித்து ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். "ஏன் தாத்தா, எலக்ட்ரான் எப்போதும் மேலேதான் பார்க்குமா?" என்றாள்.

அறுபதுகளில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது எனக்கும் இதே கட்டங்கள்தான். 'காஸ்' என்போம். எங்கள் வாத்தியார் மேசைமேல் பம்பரத்தைச் சுற்றிக் காட்டி, எலக்ட்ரானும் இப்படித்தான் என்றார். பல வருடம் நம்பினேன். கம்ப்யூட்டருக்குக்கூட 'ஒர்தினத்தேர்' என்று சொந்தமாகப் பெயர் வைத்துக்கொண்ட பிரெஞ்சுக்காரர்கள், இதை மட்டும் ஆங்கிலத்தில் உள்ளபடி 'ஸ்பின்' என்றே விட்டுவிட்டார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்!

1922இல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே அனுப்பினார்கள். பம்பரமானால் எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம். தகட்டில் ஒரே தீற்றலாகப் படிய வேண்டும். படிந்ததோ இரண்டாகப் பிரிந்து. 1925இல் ஊலன்பெக், கௌட்ஸ்மித் என்ற இரண்டு இளைஞர்கள் எலக்ட்ரான் தன்னைத்தானே சுற்றுகிறது என்று எழுதினார்கள். அப்படிச் சுற்றினால் அதன் விளிம்பு ஒளியைவிட வேகமாக ஓட வேண்டியிருக்குமே என்று பெரியவர் லோரன்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆக, சுற்றும் உருண்டை என்பது நிற்கவில்லை. 'சுழற்சி' என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. இருக்கும் கோண உந்தம் உண்மை, அளக்கலாம். ஆனால் சுற்றுவதற்கு உள்ளே உருண்டை இல்லை.

அம்பும் நேர் மேலே நிற்பதில்லை. கணக்குப்படி வரைந்தால் அச்சிலிருந்து சுமார் 55 டிகிரி சாய்ந்திருக்கும். அந்த 'மேல்' என்பதும் நாம் காந்தப்புலத்தை எந்தத் திசையில் வைக்கிறோமோ அந்தத் திசை. புலமே இல்லாத இடத்தில் தனி எலக்ட்ரானுக்கு மேலும் கீழும் ஒரே ஆற்றல்தான்.

நான் முப்பது வருடம் பேரேடு எழுதியவன். சரிபார்த்த வரிக்கு ஒரு டிக் போடுவோம். அந்த டிக் பணம் ஆகிவிடாது. கட்டத்து அம்பும் அப்படி ஒரு கணக்குக் குறி. ஒரு கட்டத்தில் இரண்டு பேர் இருந்தால் எதிரெதிராக இருக்க வேண்டும் என்பது பௌலியின் விதி. அது இயற்கையின் சட்டம். நைட்ரஜனின் மூன்று பி எலக்ட்ரான்கள் தனித்தனிக் கட்டத்தில் ஒரே பக்கம் பார்த்து இருப்பதும் அப்படியே. முதல் அம்பு மேல்நோக்கித்தான் இருக்க வேண்டும் என்பது மட்டும் நாம் வைத்துக்கொண்ட வழக்கம். சட்டத்தை மீறினால் மதிப்பெண்ணைக் குறைக்கட்டும். வழக்கத்தை மீறியதற்கு ஏன் குறைக்க வேண்டும்? வழக்கம் என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்திருந்தாலாவது கேட்கலாம்.

பேத்தியிடம் இவ்வளவும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். அடுத்த தேர்வில் எப்படிப் போடப்போகிறாய் என்றேன். "மேலதான் தாத்தா, மார்க் வேணுமே" என்றாள்.